துடுப்புக் கைதிகளின் நோயும் புனித வின்சென்ட் தே பவுலும்

ஆண்டுதோறும் செப்டம்பர் 27ஆம் நாள் நம் தாய்த் திருச்சபை புனித வின்சென்ட் தே பவுலின் திருநாளைக் கொண்டாடுகிறது. நம் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையினர் அன்று சிறப்புத் திருப்பலி ஒப்புக்கொடுத்து, ஏழைக் குடும்பங்களுக்கு அரிசியும் உடையும் வழங்குவது வழக்கம். (இந்தச் சபையைப் புனிதரே தொடங்கினார் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவர் இறந்து 173 ஆண்டுகளுக்குப் பிறகு, 1833இல், பிரெடெரிக் ஒசானாமும் அவருடைய மாணவ நண்பர்களும் பாரிசில் தொடங்கி, புனிதரைப் பாதுகாவலராக ஏற்றுக்கொண்டார்கள்.) ஏழைகளின் தந்தை, அநாதைக் குழந்தைகளின் தந்தை என்றெல்லாம் அவரை நாம் அறிவோம். ஆனால் 40 ஆண்டுகளுக்கும் மேலாக அவர் விடாமல் சுமந்த இன்னொரு பொறுப்பைப் பற்றி நம் மறையுரைகளில் அதிகம் கேட்பதில்லை. பிரான்சு அரசின் துடுப்புக் கப்பல்களில் சங்கிலியால் பிணைக்கப்பட்டு உழைத்த தண்டனைக் கைதிகளுக்கு அவர் தலைமை ஆன்ம குருவாக இருந்தார்.

அந்தக் கப்பல்கள் எப்படிப்பட்டவை என்று தெரிந்தால்தான் அவர் செய்ததன் அளவு நமக்குப் புரியும். மத்தியதரைக் கடலில் காற்றை மட்டும் நம்பிப் போர் செய்ய முடியாது. ஆகவே நீண்ட, ஒடுங்கிய, தாழ்வான துடுப்புக் கப்பல்களை அரசர்கள் வைத்திருந்தார்கள். ஒரு கப்பலில் ஏறக்குறைய 50 துடுப்புகள். ஒவ்வொரு துடுப்பும் 40 அடி நீளம். ஒவ்வொன்றையும் வலிக்க ஐந்து பேர். ஆக, ஒரே கப்பலில் 250 பேர் வரை காலில் விலங்கோடு பலகையில் பிணைக்கப்பட்டிருந்தார்கள். உழைப்பதும் உண்பதும் உறங்குவதும் அதே பலகையில்தான். மற்ற தேவைகளும் அங்கேயே. காய்ந்த ரொட்டியும் அவரைச் சாறும் உணவு. பலகைகளுக்கு நடுவே உள்ள நடைபாதையில் கங்காணி சவுக்கோடு நடந்துகொண்டிருப்பான்.

இப்படி உழைக்கக் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. எனவே அரசு நீதிமன்றங்களை நாடியது. திருடர், கொள்ளையர், படையை விட்டு ஓடியவர், நாடோடிகள், வரி கட்டாமல் உப்பு கடத்தியவர் என்று பலதரப்பட்டவர்களும் துடுப்புக்கு அனுப்பப்பட்டார்கள். ஐந்து சாக்கு உப்பைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த ஏழை உழவனும், வழிப்பறியில் ஆளைக் கொன்றவனும் ஒரே துடுப்பைப் பிடித்தார்கள். தண்டனைக் காலம் முடிந்த பின்னும் விடுவிக்கப்படாமல் கிடந்தவர்கள் ஏராளம். பழகிய கை ஒன்றை இழக்கக் கப்பற்படைத் தலைவர்களுக்கு மனம் இல்லை. அரசின் கணக்கில் கைதி என்பவன் திருத்தப்பட வேண்டிய மனிதன் அல்லன், இரண்டு கைகள்.

இந்த உலகத்துக்குள் வின்சென்ட் எப்படி வந்து சேர்ந்தார்? அவர் 1581ஆம் ஆண்டு வாக்கில் தென்மேற்குப் பிரான்சில் டாக்ஸ் நகருக்கு அருகே உள்ள பூய் என்ற சிற்றூரில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் மூன்றாமவர். ஆடும் பன்றியும் மேய்த்த சிறுவன். மகன் குருவானால் குடும்பம் தலைதூக்கும் என்று நம்பிய தந்தை, அவருடைய படிப்புச் செலவுக்காக ஒரு சோடி காளைகளை விற்றார் என்பார்கள். 1600ஆம் ஆண்டிலேயே, இருபது வயதுகூட நிறையாத நிலையில், குருவாக அருள்பொழிவு பெற்றார். அன்று அவருடைய கனவு நல்ல வருமானமுள்ள ஒரு பதவியைப் பெற்று, வீட்டாரையும் வசதியாக வைப்பதுதான். புனிதர்கள் பிறக்கும்போதே புனிதர்களாகப் பிறப்பதில்லை என்பதற்கு இவரைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

1605 முதல் 1607 வரை கடற்கொள்ளையரிடம் சிக்கித் தூனிசில் அடிமையாக இருந்ததாக இளமையில் அவரே ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். இது நடந்ததா இல்லையா என்பதில் வரலாற்று அறிஞர்கள் இன்றும் இரு கட்சியாக இருக்கிறார்கள். தம் வாழ்நாளின் கடைசி ஆண்டில், அந்தக் கடிதத்தை எப்படியாவது தம்மிடம் திருப்பித் தந்துவிடும்படி கெஞ்சிக் கேட்டார் என்பது மட்டும் உறுதி. அதை அழித்துவிடுவார் என்று அஞ்சி மற்றவர்கள் கொடுக்கவில்லை.

பின்னர் பாரிஸ் வந்து, 1613இல் கோந்தி என்னும் பெருங்குடும்பத்தில் பிள்ளைகளுக்கு ஆசிரியராக அமர்ந்தார். அந்த வீட்டுத் தலைவர் பிலிப் எம்மானுவேல் தே கோந்தி, அரசரின் துடுப்புக் கப்பற்படைத் தலைவர். வின்சென்ட் உண்ட உணவுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான கைதிகளின் உழைப்பு இருந்தது என்று சொன்னால் மிகையாகாது. அதை அவர் உடனே உணர்ந்ததாகத் தெரியவில்லை. முதலில் அவர் கண்ணைத் திறந்தது கிராமப்புற மக்களின் நிலை. 1617 தொடக்கத்தில் கோந்தியின் நிலப்பகுதியில், சாகும் தறுவாயில் இருந்த ஒரு முதிய உழவரின் ஒப்புரவைக் கேட்டபோது, இம்மக்கள் ஆன்மீகத்தில் எவ்வளவு கைவிடப்பட்டிருக்கிறார்கள் என்று கண்டார்.

அதே ஆண்டில் சாத்தியோன் என்ற ஊரில் பங்குத்தந்தையாகச் சில மாதங்கள் இருந்தபோது, ஒரு வீட்டில் எல்லாருமே நோயில் படுத்துக் கிடப்பதாக ஞாயிறு மறையுரையில் சொன்னார். அன்று மாலை ஊரே உணவோடு அங்கே திரண்டது. வின்சென்ட் மகிழ்ந்தார், கூடவே கவலையும் பட்டார். இன்று குவிந்த உணவு நாளை கெட்டுப்போகும். மறுநாள் அவர்கள் பசித்திருப்பார்கள். எனவே பெண்களைக் கூட்டி, யார் எந்த நாளில் சமைப்பது, எதைக் கொண்டுபோவது, நோயாளியை எப்படி அணுகுவது என்று முறை வகுத்துக் கொடுத்தார். இரக்கம் இருந்தால் போதாது, அதற்கு ஒரு நாட்காட்டியும் வேண்டும் என்ற இந்தத் தெளிவைத்தான் அடுத்து அவர் சிறைக்குள் கொண்டுபோனார்.

பாரிசுக்குத் திரும்பியதும், துடுப்புக்குத் தண்டிக்கப்பட்டவர்களை மார்செய் துறைமுகத்துக்கு அனுப்பும்வரை அடைத்துவைத்திருந்த நிலவறைகளைப் பார்க்கப் போனார். தெற்கே செல்லும் சங்கிலி வரிசைக்குப் போதிய ஆள் சேரும்வரை அவர்கள் மாதக்கணக்கில் அங்கே கிடப்பார்கள். வெளிச்சமோ காற்றோ இல்லை. உடலெல்லாம் பேன், விலங்கு பட்ட இடமெல்லாம் புண், வயிறு ஒட்டிப்போயிருந்தது. இதைவிட வேதனை, ஏறக்குறைய 800 கிலோமீட்டர் தூரத்தைக் கழுத்திலும் காலிலும் இரும்போடு அவர்கள் நடந்தே கடக்க வேண்டும். நிலவறையில் வலுவிழந்தவன் வழியிலேயே விழுவான். அதிலும் பிழைத்தவன் கப்பல் பலகையில் அமர்வான். நோய் கப்பலில் தொடங்கவில்லை, தீர்ப்பு எழுதிய நாளிலேயே தொடங்கிவிட்டது என்பதை வின்சென்ட் கண்டுகொண்டார் என்று நாம் எண்ணுகிறோம். ஏனென்றால் அவர் முதலில் கைவைத்தது அங்கேதான்.

கோந்தியிடம் போய்ப் பேசினார். இவர்கள் உங்கள் பொறுப்பில் உள்ளவர்கள், இவர்களுக்காக நீங்கள் கடவுளிடம் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற பொருளில் எடுத்துச் சொன்னார். தளபதி இணங்கினார். நகரின் மேற்குப் பகுதியில், சேன் ரோக் ஆலயத்துக்கு அருகே ஒரு வீடு வாடகைக்கு எடுக்கப்பட்டுக் கைதிகள் அங்கே மாற்றப்பட்டார்கள். காற்றும் வெளிச்சமும் கிடைத்தன. சுத்தமான வைக்கோலும் சூடான உணவும் வந்தன. அதன் பிறகே வின்சென்ட் அவர்களுக்கு மறைக்கல்வி கற்பித்தார். இந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும். பசியோடும் புண்ணோடும் இருப்பவனிடம் மறையுரை ஆற்றுவது அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

1619 பிப்ரவரி 8ஆம் நாள் அரசர் பதின்மூன்றாம் லூயி அவரைப் பிரான்சின் துடுப்புக் கப்பல்கள் அனைத்துக்கும் தலைமை ஆன்ம குருவாக நியமித்தார். ஆண்டுச் சம்பளம் 600 லீவர். கப்பற்படை அதிகாரிகளுக்கு உரிய மதிப்பும் அதோடு சேர்ந்தது. இளமையில் அவர் தேடி அலைந்த பதவி இதுதான் என்று சொல்லலாம். ஆனால் அது வந்தபோது அவர் வேறு மனிதராக ஆகியிருந்தார். 1623இல் போர்தோ துறைமுகத்தில் நின்ற கப்பல்களுக்குச் சென்று கைதிகளுக்குத் தியானம் கொடுத்தார். பின்னாளில் தம் குருக்களுக்கு அறிவுரை சொல்லும்போது, கைதிகளிடம் கடுமையாகப் பேசிய ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டதாகவும், அவர்களுடைய வேதனைக்காக இரங்கி, அவர்களுடைய சங்கிலியை முத்தமிட்டபோதுதான் அவர்கள் செவிகொடுத்ததாகவும் தம் பட்டறிவிலிருந்தே எழுதினார்.

1632இல் பாரிசில் சேன் ஆற்றங்கரையில் இருந்த தூர்னெல் என்ற பழைய கோபுரத்தில் கைதிகளைத் தங்கவைக்க அரச அனுமதி கிடைத்தது. அருகே இருந்த புனித நிக்கோலா பங்கின் குருக்கள் திருப்பலிக்கு வந்தார்கள். 1633இல் வின்சென்டும் புனித லூயிஸ் தெ மரிலாக்கும் தொடங்கிய பிறரன்புப் புதல்வியர் சபையின் சகோதரிகள் 1640 முதல் அங்கே பணியை ஏற்றார்கள். இரண்டு, மூன்று சகோதரிகள்தான். நாள்தோறும் கைதிகளுக்குச் சமைத்து, கனமான பாத்திரங்களைச் சுமந்து கோபுரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். அழுக்குத் துணிகளைத் துவைக்க வேண்டும். நோயாளிகளின் புண்ணைக் கழுவ வேண்டும். சங்கிலி வரிசை புறப்படும் நாளில் ஒவ்வொருவருக்கும் மாற்றுத்துணி கொடுத்து அனுப்ப வேண்டும். பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். அதுவரை துறவற மகளிர் என்றால் உயர்ந்த மதில்களுக்குள் இருப்பவர்கள் என்றுதான் நாடு அறிந்திருந்தது.

இவர்களில் பார்ப் ஆஞ்சிபூ என்ற சகோதரியைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி சபையின் நினைவேடுகளில் நிலைத்துவிட்டது. கோபம் கொண்ட சில கைதிகள் அவர் கொண்டுவந்த சாற்றையும் இறைச்சியையும் தரையில் கொட்டி, வாயில் வந்தபடி திட்டினார்கள். அவர் ஒன்றும் பேசாமல் குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்தார். எதுவும் நடக்காதது போல மீண்டும் பரிமாறினார். காவலர்கள் அந்தக் கைதிகளை அடிக்கப் பாய்ந்தபோது குறுக்கே நின்று தடுத்தார். இப்படி ஒருமுறை அல்ல, பல முறை. அவர் 1658இல் இறந்த பின் சகோதரிகள் கூடி அவரைப் பற்றிப் பேசியபோது இதை நினைவுகூர்ந்தார்கள். பட்டினி கிடப்பவன் உணவைக் கொட்டுகிறான் என்றால் அவன் மனம் எந்த நிலைக்கு வந்திருக்க வேண்டும் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம். நன்றி சொல்லும் ஏழைக்கு உதவுவது எளிது; இவர்கள் நன்றி சொல்லவில்லை.

மார்செயில் நிலைமை இன்னும் கொடியது. நோயுற்ற கைதிக்கு அங்கே தனி இடம் இல்லை. காய்ச்சல் வந்தாலும் வயிற்றுப்போக்கு வந்தாலும் பலகையிலேயே, சங்கிலியோடு, பக்கத்தில் இருப்பவன்மேல் சாய்ந்தபடி கிடந்தான். தொற்றுநோய் ஒருவனைப் பிடித்தால் அந்தத் துடுப்பில் இருந்த ஐவருக்கும் பரவியது. மருத்துவமனை கட்ட கோந்தியின் காலத்திலேயே தொடங்கிய முயற்சி பாதியில் நின்றுபோயிற்று. 1640களில்தான் அது கைகூடியது. பலர் சேர்ந்து செய்த பணி அது. ஆயர் ஜான் பத்திஸ்த் கோல் மார்செயின் பொறுப்பேற்றுச் சில மாதங்களே ஆகியிருந்த நிலையில், கைதிகளிடையே பணிசெய்து களைத்து, நோயுற்று, 1643 மே மாதம் இறந்தார். சிமியான் தெ லா கோஸ்த் என்ற பொதுநிலையினர் கட்டடப் பணிக்காகத் தம்மையே தேய்த்துக்கொண்டு, 1649இல் கொள்ளைநோயில் மாண்டார். கர்தினால் ரிஷலியேயின் மருமகளான எகுய்யோன் சீமாட்டி பெருந்தொகை கொடுத்தார். அப்போது கப்பற்படைத் தலைவர் பதவி அவருடைய சகோதரர் மகனிடம் இருந்தது. வின்சென்ட் தம் சபைக் குருக்களை 1643இல் மார்செய்க்கு அனுப்பினார்; கப்பல்களில் தியானங்களும் மருத்துவமனையில் ஆன்மப் பணியும் அவர்கள் பொறுப்பாயின.

இங்கே ஒரு கேள்வியை நாம் தவிர்க்கக் கூடாது. மருத்துவமனையில் குணமான கைதி எங்கே போனான்? மறுபடியும் துடுப்புக்குத்தான். அரசுக்கும் இந்த மருத்துவமனையால் ஆதாயம் இருந்தது. அதனால்தான் அரசரின் பெயரும் பணமும் அதற்குக் கிடைத்தன. வின்சென்ட் இந்தத் தண்டனை முறையையே ஒழிக்க வேண்டும் என்று குரல் எழுப்பவில்லை. அதே பலகைகளில், அடிமைச் சந்தைகளில் விலைக்கு வாங்கப்பட்ட இசுலாமியர்களும் பிணைக்கப்பட்டிருந்தார்கள். அல்ஜியர்சிலும் தூனிசிலும் கிறிஸ்தவர்கள் அடிமைகளாகத் தவித்தார்கள் என்று அங்கே குருக்களை அனுப்பி, மீட்புப்பணம் திரட்டிய வின்சென்ட், மார்செயில் இருந்த அடிமைச் சங்கிலியை எதிர்த்து அதே அளவுக்குப் பேசவில்லை. அவருடைய காலம் அப்படி என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் அவரை நேசிக்கிறவர்கள் இதை மறைக்கத் தேவையில்லை என்பது நம் கருத்து. அவர் செய்ததை அளக்க வேண்டிய இடம் வேறு: அரசு இரண்டு கைகளை மட்டும் கண்ட இடத்தில் அவர் ஒரு பெயரைக் கண்டார்.

இது வெறும் வார்த்தை அல்ல. வின்சென்ட் தம் வாழ்நாளில் 30,000 கடிதங்கள் வரை எழுதியிருக்கலாம் என்று கணிக்கிறார்கள். அவற்றில் சுமார் 3,000 கிடைத்துள்ளன. பியேர் கோஸ்த் என்ற குரு 1920க்கும் 1925க்கும் இடையே அவருடைய எழுத்துகளை 14 தொகுதிகளாகப் பதிப்பித்தார். அதில் மார்செய் இல்லத் தலைவருக்கு 1650களில் எழுதிய கடிதங்களைப் புரட்டினால், போர், அரசியல், சபை நிர்வாகம் பற்றிய பெரிய செய்திகளுக்கு இடையே சின்னச் சின்னத் தொகைகள் வந்துகொண்டே இருக்கும். இன்ன கப்பலில் உள்ள இன்ன கைதிக்கு மூன்று லீவர், இன்னொருவருக்கு இரண்டு லீவர். அவருடைய தாய் கொடுத்தனுப்பியது, மனைவி கொடுத்தனுப்பியது. ஒருவன் உயிரோடு இருக்கிறானா என்று வீட்டார் கேட்கிறார்கள், விசாரித்து எழுதவும். மற்றொருவனுக்குக் காலம் முடிந்துவிட்டதாம், என்ன செய்ய முடியும் என்று பார்க்கவும். அரசியின் ஆலோசனைக் குழுவில் இடம்பெற்றிருந்த ஒருவர், எழுபது வயதைக் கடந்து, ஒரு தபால்காரரின் வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தச் சில்லறைத் தொகைகள் அந்தக் கப்பலில் ஒரு ரொட்டி, ஒரு போர்வை, சில நேரம் ஓர் உயிர்.

ஆனால் மக்கள் நினைவில் நின்றதோ வேறொரு கதை. 1622இல் அவர் யாருக்கும் தெரியாமல் மார்செய்க்குப் போய், குடும்பத்தை நினைத்து அழுத ஒரு கைதிக்குப் பதிலாகத் தாமே சங்கிலியைப் பூட்டிக்கொண்டு துடுப்பு வலித்தார் என்பார்கள். 1664இல் வெளிவந்த முதல் வாழ்க்கை வரலாற்றிலேயே இது இடம்பெற்றுவிட்டது. ஓவியர் போனா 1865இல் இதைப் பெரிய படமாகத் தீட்டினார். 1947இல் எடுக்கப்பட்ட திரைப்படத்திலும் இந்தச் சாயல் வருகிறது. முதுமையில் அவருடைய கால்கள் வீங்கிப் புண்ணாகியிருந்ததற்கு அந்தச் சங்கிலிதான் காரணம் என்றும் சொன்னார்கள்.

ஆய்வாளர்கள் பெரும்பாலோர் இதை இன்று ஏற்பதில்லை. நீதிமன்றம் அனுப்பிய கைதிக்குப் பதில் வேறொருவரை அமர்த்திக்கொள்ள எந்தக் கப்பல் தலைவருக்கும் அதிகாரம் இல்லை. மூன்று ஆண்டுகளாகத் தலைமை ஆன்ம குருவாக இருந்தவரை அங்கே எவரும் அடையாளம் காணாமல் இருப்பதும் நம்பக் கடினம். கால் நோயைப் பொறுத்தவரை, அது 1615 வாக்கிலேயே, அவர் ஒரு கப்பலையும் பார்ப்பதற்கு முன்பே, கோந்தியின் வீட்டில் தொடங்கிவிட்டது. 45 ஆண்டுகள் அந்த நோயோடுதான் நடந்தார்.

கதை போய்விட்டதே என்று வருந்துகிறவர்கள் நம்மிடையே இருப்பார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு கைதியின் இடத்தில் சில வாரம் அமர்வது பெரிய வீரம்தான். அந்தக் கைதி ஒருவனுக்கு விடுதலை. ஆனால் வாடகை வீட்டுக்கு அலைந்து, தளபதியிடம் வாதாடி, சீமாட்டிகளிடம் கையேந்தி, சமையலுக்கும் துவைப்பதற்கும் ஆள் அமைத்து, மூன்று லீவருக்குக் கணக்கு எழுதி, இதையே 40 ஆண்டு செய்வதை எந்த ஓவியரும் தீட்ட முடியாது. அது கப்பல் கப்பலாகப் போய்ச் சேர்ந்தது. 1644இல் தலைமை ஆன்ம குரு பதவி அவருடைய சபைத் தலைவருக்கே நிலையாக உரியது என்று அரசு அறிவித்தபோது, தாம் இறந்தாலும் பணி நிற்காது என்ற உறுதி கிடைத்தது.

1660 செப்டம்பர் 27 அதிகாலையில், படுக்க இயலாத நிலையில், நாற்காலியில் அமர்ந்தபடியே வின்சென்ட் இறந்தார். 1737இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

அவர் இறந்த இரண்டே ஆண்டில், 1662இல், அமைச்சர் கோல்பேர் நீதிமன்றங்களுக்கு எழுதி, இயன்ற அளவு அதிகம் பேரைத் துடுப்புக்குத் தண்டிக்கும்படி கேட்டுக்கொண்டார். பதினான்காம் லூயி அரசருக்கு ஏறக்குறைய 40 கப்பல்கள் கொண்ட படை வேண்டியிருந்தது. 1680க்கும் துடுப்புக் கப்பற்படை கலைக்கப்பட்ட 1748க்கும் இடையே மட்டும் சுமார் 60,000 கைதிகள் அங்கே அனுப்பப்பட்டார்கள். அவர்களைப் பற்றிய பதிவேடுகள் அழியாமல் இருக்கின்றன. வரலாற்றாசிரியர் ஆந்த்ரே சிஸ்பெர்க் பல ஆண்டுகள் அவற்றை ஆராய்ந்து 1987இல் ஒரு நூல் வெளியிட்டார். பெயர், தந்தை பெயர், ஊர், உயரம், முக அடையாளம், குற்றம், தண்டனைக் காலம் என்று ஒவ்வொருவனுக்கும் சில வரிகள். கடைசியில் அவன் எப்படி வெளியேறினான் என்ற குறிப்பு. ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது மரணக் குறிப்பு. அந்தக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருவது மருத்துவமனையில் இறந்தான் என்பது. 1618இல் வின்சென்ட் நிலவறைக்குள் இறங்கியபோது, அப்படி எழுதுவதற்கு ஒரு மருத்துவமனையே இருக்கவில்லை.